ஏழாவது கோரிக்கை

மனு எழுதுகிறவனைத் தேடி யாரும் முதலில் வருவதில்லை. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வாயால் சொல்லி, தொண்டை வற்றிய பிறகுதான் வருவார்கள். நெய்வேலி பஜாரில் ஒரு டீக்கடையின் ஓர பெஞ்சில் எட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. அதற்கு முன்னால் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம், அதில் முப்பது வருடம் சங்கத்தில். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. மிச்சப் படிப்பெல்லாம் கேட் வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களில் படித்ததுதான். சஸ்பெண்ட் மூன்று முறை, லாக்கப் இரண்டு முறை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வதைக்கிறார்கள், பள்ளி கண்டுகொள்ளவில்லை என்று வந்த ஒரு தாய்க்கு மனு எழுதப் போய் நான் பட்ட பாட்டை எந்த நிர்வாகத்திடமும் பட்டதில்லை. பள்ளி வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 'மேடம் ரவுண்ட்ஸ் போயிருக்காங்க' என்பதை ஒரு முறையாவது கேட்டவர்களுக்கு இது புரியும்.

வாயால் சொன்னது

சாந்தி வந்தபோது கூடவே மகள் கயல்விழியும் வந்தாள். ஏழாம் வகுப்பு. இடது கையில் மாவுக்கட்டு. அப்பா ஏழுமலை, அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது, டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீடு. பிள்ளையை மட்டும் டவுன்ஷிப்புக்குள் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே கூடப் படிக்கும் மூன்று பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சாம்பல்'. பெயரோடு நிற்கவில்லை. டிபன் பாக்ஸில் சாக்பீஸ் தூளைக் கொட்டினார்கள், பாத்ரூமில் வைத்து வெளியே தாழ் போட்டார்கள், கடைசியில் இடைவேளையில் மாடிப்படியில் தள்ளிவிட்டார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பத்து நாளாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. இனிமேல் போகவே மாட்டேன் என்கிறாள்.

"எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை. எழுதிக் கொடுத்தால் பிள்ளையைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயம். இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆட்களும் போர்மேனிடம் வாயால்தான் சொல்வார்கள், பிறகு வருடக்கணக்கில் சொன்னதைச் சொல்லிக் காட்டுவார்கள். காகிதத்தில் இல்லாதது நடக்காதது என்றுதான் எல்லா நிர்வாகத்துக்கும் அர்த்தம். சாந்தி விரல் விட்டு எண்ணினாள்: "நாலு வாட்டி சொன்னேங்க ஐயா. நாலு வாட்டியும் மிஸ்ஸு, 'நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க'ன்னாங்க. அவங்களும் பாத்துக்கினேதான் இருந்தாங்க, எம்பொண்ணு கையி ஒடியிற வரைக்கும்."

பதினோரு கோரிக்கைகள்

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். சங்கத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஒற்றை ஆளின் பிரச்சினையை நிர்வாகம் ஊதித் தள்ளிவிடும், கையெழுத்துச் சேர்த்தால் நடுங்கும் என்பது என் முப்பது வருட வேதம். ஆகவே மறுநாள் காலை பள்ளி வேன் நிற்கும் இடங்களுக்குப் போனேன். டவுன்ஷிப்பின் குடியிருப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக சைக்கிளில் சுற்றினேன். கையெழுத்துக் கேட்டால், "பாவம் தோழர், ஆனா நம்ம பேரு எதுக்கு?" என்று நழுவினார்கள். எனக்கா வழி தெரியாது? "உங்க குறை என்ன, அதையும் சேர்த்துக்கலாம்" என்றேன். உடனே பேனா கேட்டார்கள். சத்யா என்ற பிள்ளையின் அம்மா குடிதண்ணீர் கேட்டாள். ஒருவர் வேன் நெரிசல், ஒருவர் மின்விசிறி, ஒருவர் விளையாட்டு நாளில் பந்தல். அறுபத்து மூன்று கையெழுத்து, பதினோரு கோரிக்கை. கயல் விஷயம் ஏழாவது. பொதுவாக இருந்தால்தான் எல்லோரும் ஒப்புவார்கள் என்பதால் அதை இப்படி எழுதியிருந்தேன்: 'மாணவியரிடையே நிலவும் சில விரும்பத்தகாத போக்குகள் களையப்பட வேண்டும்.'

மனுவைப் பெருமையோடு சாந்தியிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். திருப்பி இன்னொரு முறை படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. இதுல கயலு எங்க இருக்கா?"

மகத்தான வெற்றி

பள்ளித் தாளாளர் என்னை உள்ளே கூப்பிட்டு ஏ.சி. அறையில் உட்காரவைத்தார். காபி வந்தது, முறுக்கு வந்தது. "உங்களை மாதிரி சீனியர் தலைவர்கள் எங்களுக்கு வழிகாட்டணும் சார்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று வாரத்தில் தண்ணீர்த் தொட்டி வந்தது, விசிறி சுழன்றது, இன்னொரு வேன் வந்தது. எல்லாப் பெற்றோருக்கும் சுற்றறிக்கை போனது: பதினோரு கோரிக்கைகளில் பத்து நிறைவேற்றப்பட்டுவிட்டன, ஏழாவது பரிசீலனையில் உள்ளது. வேன் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏழாவதற்காக மறுபடி ஒரு கையெழுத்துக் கேட்டபோது எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

அன்று ஷிப்ட் முடிந்து சாம்பல் படிந்த சட்டையோடு ஏழுமலை டீக்கடைக்கு வந்தான். அதிகம் பேசாதவன். ஒரு காலத்தில் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட் வாசலில் மேடையேறி 'மகத்தான வெற்றி' என்று முழங்கியபோது, கீழே நின்றிருந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். அன்று நிரந்தரத் தொழிலாளிக்குப் போனஸ், படி, சீருடை எல்லாம் கிடைத்திருந்தது. டீயைக் கையில் வாங்காமலே சொன்னான்: "அன்னிக்கும் எல்லாம் ஜெயிச்சிட்டோம், கான்ட்ராக்ட் ஆளுங்க விசயம் ஒண்ணுதான் பரிசீலனைன்னீங்க தோழரே. நான் இன்னும் அந்த ஒண்ணுலதான் நின்னுகினு இருக்கேன்."

சீல்

இந்தத் தடவை நான் எழுதவில்லை. சாந்தியே அவள் கையெழுத்தில் எழுதினாள். 'தோழமையுடன்' இல்லை, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' இல்லை. எந்தத் தேதி, எந்த இடம், யார் என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள், எந்த ஆசிரியையிடம் எப்போது சொன்னேன், இப்போது எனக்கு என்ன வேண்டும். வேண்டியது மூன்றுதான்: எழுத்தில் விசாரணை, இடைவேளையில் மாடிப்படியில் ஒரு ஆசிரியை, அந்த மூன்று பேரும் கயலும் வேறு வேறு பிரிவு. ஒன்றரைப் பக்கம். எனக்கு அது மனு மாதிரியே தெரியவில்லை. ஒரு அடைமொழிகூட இல்லாமல் ஒரு மனுவா என்று மனசுக்குள் குமைந்தேன்.

நகலில் பள்ளியின் சீலும் தேதியும் வாங்க வேண்டும். வாங்காமல் கொடுத்த மனு குப்பைத்தொட்டிக்குக் கொடுத்த மனு. அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த பெண் மனுவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். மேடம் லீவு என்றாள். மேடம் மாடியில் நடந்துபோவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சீல் பீரோவில் இருக்கிறது, சாவி மேடத்திடம் இருக்கிறது என்றாள். சீல் மேஜைமேல், அவள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. நேராகப் போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். நீங்களும் அதையே செய்யுங்கள். வாசலில் நின்று சண்டை போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கிளார்க்கைக் குறை சொல்ல மாட்டேன். கிளம்பும்போது பாவமாகத்தான் சொன்னாள்: "சீல் வச்சா நாங்க வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும்ல சார்?"

தவறி விழுந்தாள்

ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. சாந்தி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், துணைக்கு நான். சின்னப் பிள்ளைகளை ஜெயிலில் போடச் சொல்லிக் கேட்கவில்லை. சட்டமும் அதற்கு விடாது, விடவும் கூடாது. எலும்பு முறிந்திருக்கிறது, புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள், பள்ளியைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றுதான் கேட்டோம். ரசீது என்றதும் எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் 'பள்ளி மாடிப்படியில் தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்று இருந்தது. அப்படிக் கூறியது யார்? முதலில் ஆட்டோவில் தூக்கிப்போன ஆசிரியை. சாந்தி வந்து சேருவதற்குள் எழுதியாகிவிட்டது. பிள்ளை அழுதுகொண்டிருந்தபோது சீட்டை யார் படிப்பார்கள்? படிக்க வேண்டும். இதை நான் உங்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். எப்படி அடிபட்டது என்பதை நீங்களே டாக்டரிடம் சொல்லி, எழுதியதை அங்கேயே படித்துப் பாருங்கள்.

ரசீது கிடைக்க மூன்று நடை ஆயிற்று. மூன்றாம் நாள் எழுத்தர் அலுத்துப்போய் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தக் காகிதத்துல விழுந்த பொண்ணு, இதுல தள்ளப்பட்ட பொண்ணு. ரெண்டு பேர்ல நான் யாரம்மா விசாரிக்கிறது?"

மனுவின் சுற்றுலா

ரசீதோடு நின்றுவிடாமல் கல்வித் துறைக்கும் ஒரு மனு போட்டோம். குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று, நம்பர் போட்ட சீட்டு வாங்கி வந்தோம். பிறகு அந்த மனு ஊர் சுற்றப் போனது. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகம், அங்கிருந்து கீழே ஒன்று; ஒவ்வொரு இடத்திலும் 'உரிய நடவடிக்கைக்கு' என்று ஒரு முத்திரை. கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கயலின் பள்ளி. அவர்கள் சாந்திக்கு ஒரு கடிதம் எழுதினார்கள், பள்ளியிலிருந்து அவளுக்கு வந்த முதல் கடிதம் அதுதான்: 'தங்கள் புகார் எங்கள் மேல்விசாரணைக்கு வரப்பெற்றது. விசாரித்ததில் அதில் உண்மையில்லை என்று தெரியவருகிறது.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். கல்வி அலுவலகத்தில் குரலை உயர்த்தினேன், பழைய குரல் கொஞ்சம் மிச்சமிருந்தது. 'திருடனிடமே திருட்டைத் துப்புத் துலக்கச் சொல்வீர்களா' என்று கேட்டேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த உதவியாளர் கோபப்படவே இல்லை. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டார்: "யார் மேல புகாரோ, அவங்களுக்குத்தானே சார் விவரம் முழுசாத் தெரியும்?"

அடுத்தது யார்

இதற்கிடையில் அந்த மூன்று பெண்களில் ஒருத்தியின் அப்பா, ஏழுமலை வேலை செய்யும் இடத்திலேயே சூப்பர்வைசர், அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைங்க விஷயம் ஏழுமலை, பெரியவங்க நாம பார்த்துப் போகணும்" என்றார். மிரட்டல் என்று எழுத ஒரு சொல் கிடையாது அதில். ஆனால் கேட் பாஸ் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது போதும். அதே வாரம் பள்ளியிலிருந்து போன்: "குழந்தைக்கு இந்தச் சூழல் ஒத்துவரல, டி.சி. வாங்கிக்கோங்க, நடத்தை நல்லதுன்னு போட்டே தர்றோம்." ஏழுமலை வாங்கிவிடலாம் என்றான். திருவதிகை பக்கம் சாந்தியின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அங்கேயே சேர்க்கலாம் என்றான். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு எப்போதும் பெர்மனென்ட் வேலை இருந்தது.

எட்டாம் வகுப்பு முடிகிறவரை ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் அனுப்ப மாட்டார்கள், நீங்களே கேட்டு வாங்கிப் போகிற மாதிரி எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். ஏழுமலை காதில் விழவில்லை. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கயல்தான் பேசினாள். அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் போய்ட்டா அடுத்தது சத்யான்னு அவங்க அப்பவே என் காதுபட பேசி வச்சாங்கப்பா. அவளுக்குப் பேருகூட வச்சிட்டாங்க."

முதல் குற்றவாளி

டி.சி. கடிதம் கையெழுத்தாகவில்லை. ஆனால் எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே உட்கார்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன். 'பிஞ்சுக் கரத்தை முறித்த பணக்காரப் பள்ளி!' என்று தலைப்பு. மூன்று பெண்களின் பெயர், அப்பன் பெயர், வட்டம், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் உள்ளே. கயலின் பெயர் கொட்டை எழுத்தில். என் வாழ்க்கையில் எழுதிய நோட்டீசுகளிலேயே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். பிரஸ்ஸுக்குப் போகும் வழியில், சாந்தியின் பிடிவாதத்தால், பண்ருட்டி கோர்ட்டில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் இறங்கினோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்பதில்லை. இது எனக்கே தெரியாது. முப்பது வருடத்தில் எந்தப் பிரசுரத்திலும் இதை நாங்கள் அச்சடிக்கவில்லை.

வக்கீலம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். சாந்தியின் ஒன்றரைப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். "இதை யார் எழுதினது? இதுல ஒரு வரி மாத்த வேண்டாம்" என்றார். ஒப்புகை அட்டை, போலீஸ் ரசீது, பள்ளியின் கடிதம் மூன்றையும் வரிசையாக வைத்தார். பொறுப்பில் இருக்கிற குழந்தை துன்பப்படுவது தெரிந்தும் வேண்டுமென்றே விட்டுவிடுவது குற்றம், அது பள்ளிக்கும் பொருந்தும் என்றார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிக்கு இன்றே போகும், பள்ளிக்கு ஒரு வக்கீல் நோட்டீசும் போகும், அசையவில்லை என்றால் குழந்தைகள் உரிமை ஆணையம், அதற்கு மேல் ஹைகோர்ட் என்று விரல் மடக்கினார். பிறகு நான் நீட்டிய பிரசுரத்தைப் படித்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்: "குழந்தைங்க பேரை அச்சடிச்சு வெளியிட்டா, இந்தக் கேஸ்ல முதல் குற்றவாளி நீங்கதான் சார்."

கேட்டுக்கு வராதீர்கள்

நோட்டீஸ் போன இரண்டாவது வாரம் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பள்ளிக்கு வந்தார். கயலை வரவழைத்துத் தனியாகப் பேசினார். பிறகு வேறு பிள்ளைகளோடு. தாளாளர் குடிதண்ணீர்த் தொட்டியைக் காட்டினாராம். அதிகாரி, நான் அதற்கு வரவில்லை என்றாராம். அன்று சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட ஒரே பெற்றோர் சத்யாவின் அம்மா. அறுபத்து மூன்றில் ஒன்று. என்னிடம் தண்ணீர் கேட்டவள்தான். தன் பிள்ளைக்கு வைத்த பெயரைச் சாந்தி வந்து சொன்ன பிறகு, தானே நடந்து வந்தாள்.

கிடைத்தது இதுதான். விசாரணை நடந்தது, எழுத்தில். 'தவறி விழுந்தாள்' என்பதை 'தள்ளப்பட்டாள்' என்று பள்ளியே திருத்தி எழுதிக் கொடுத்தது. மாடிப்படியில் ஒரு ஆசிரியை நிற்கிறார். மூன்று பெண்களும் வேறு பிரிவுக்குப் போனார்கள், அவர்களுக்கு மனநல ஆலோசனை. எனக்கு அது போதவில்லை. மன்னிப்பு, தண்டனை, சுவரொட்டி என்று ஏதாவது வேண்டியிருந்தது. வக்கீலம்மா, அதுகளும் குழந்தைகள்தான் என்று என் வாயை அடைத்துவிட்டார். ஏழுமலையின் கேட் பாஸ் புதுப்பிக்கும் நாள் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அவன் தூங்க மாட்டான், நானும்தான்.

கயல் மறுபடி பள்ளிக்குப் போன திங்கட்கிழமை, நான் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, சங்கத் துண்டைத் தோளில் போட்டு, சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தேன். பள்ளி வாசலில் நாலு தோழர்களோடு நின்று வரவேற்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம் என்று திட்டம். டீக்கடை வழியாகத்தான் அம்மாவும் மகளும் போனார்கள். கட்டுப் பிரித்த கை மெலிந்திருந்தது. புத்தகப் பையை மற்ற தோளில் மாட்டியிருந்தாள். என் துண்டையும் சைக்கிளையும் பார்த்தாள், எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அம்மாவின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்து, மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள்: "தாத்தா, நீங்க கேட்டுக்கு வராதீங்க. வந்தா மறுபடியும் பதினொண்ணு ஆயிடும்."

அறுபத்து மூன்று கையெழுத்தால் ஆகாததை ஒன்றரைப் பக்கம் செய்து முடித்த இந்த ஊரில் இருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உங்கள் பிள்ளைக்கு நீதி கேட்கப் போகும்போது தயவுசெய்து கூடவே குடிதண்ணீரும் கேட்டுவிடாதீர்கள், அதை உடனே கொடுத்துவிடுவார்கள்.